மேட்டிலிருந்து வரும் தண்ணீர்: டர்பன் பக்கத்து வீடுகளுக்கு இடிமழை, திடீர் வெள்ளக் கையேடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் வெள்ளம் என்று பேச்செடுத்தால், "நாங்கள் மேட்டில் இருக்கிறோம், ஆறு எங்கேயோ கீழே ஓடுகிறது" என்ற பதில் வரும். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் வட்டாரத்தில் சில இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆற்றோரத்தில் இருந்தவர்கள் மட்டுமல்ல, மேட்டில் இருந்தவர்களும் மண்சரிவிலும் சுவர் இடிந்தும் போனார்கள். அதனால் இந்தக் கையேட்டை ஆற்றங்கரையிலிருந்து அல்ல, வீட்டுப் பின்கட்டிலிருந்து தொடங்குகிறோம்.

பின்கட்டு மண்மேடு

நம் குடியிருப்புகளில் பல, சரிவை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய மனைகள். பின்னால் வெட்டிய சுவர் போல மண் நிற்கும், முன்னால் கொட்டி நிரப்பிய மண் இருக்கும். நிரப்பிய மண் எத்தனை வருடம் ஆனாலும் இயற்கை மண்ணைப் போல் இறுகாது. கரையோர மேடுகளில் உள்ள பெரியா (Berea) எனப்படும் செம்மணலின் குணம் இன்னும் மோசம். காய்ந்திருக்கும்போது கத்தியால் வெட்டியதுபோல் செங்குத்தாக நிற்கும், உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டால் சர்க்கரைபோலக் கரைந்து உட்காரும்.

அந்த மண்ணுக்குள் தண்ணீரை விடுவது பெரும்பாலும் நாமேதான். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 300 மி.மீ. பெய்தால் 30,000 லிட்டர். 5,000 லிட்டர் ஜோஜோ டாங்க் (மழைநீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் அது நிரம்பிய பிறகு வழியும் 25,000 லிட்டர் எங்கே போகிறது என்று ஒரு மழையில் குடை பிடித்து நின்று பாருங்கள். மேல்வீட்டுக் குழாய் உங்கள் மேட்டிலும், உங்கள் குழாய் கீழ்வீட்டு மேட்டிலும் முடிந்தால் அதுதான் சரிவுக்கு விதை. வழியும் குழாயைச் சாலையோர வடிகால்வரை இழுத்துவிட வேண்டும். மேல்வீட்டுக்காரரிடம் பேசுவது சங்கடம்தான். ஆனாலும் வெயில் நாளில் பேசினால்தான் வேலை நடக்கும்.

தாங்குசுவரில் கீழ்ப்பக்கம் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். அவை அழகுக்கு அல்ல, பின்னால் தேங்கும் நீர் வடிவதற்கு. பெயின்ட் அடிக்கும்போது பூசி அடைத்துவிடுகிறார்கள். புரட்டாசி விரதம் முடியும் நாட்களில்தான் இங்கே இடிமழைக் காலம் சூடுபிடிக்கும். அதற்குமுன் ஒரு கம்பியைத் துளைக்குள் விட்டுக் குத்தி, குழாய் நீரை எதிரே பாய்ச்சிப் பாருங்கள். மழை பெய்த பிறகும் துளையிலிருந்து ஒரு சொட்டும் வராமல், சுவர் மட்டும் ஈரமாகி வயிறு தள்ளினால் பின்னால் தண்ணீர் அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

சரிவதற்குமுன் மண் பெரும்பாலும் சாடை காட்டும். மேட்டின் உச்சியில் பிறைபோல வளைந்த வெடிப்பு. நேராக நின்ற வேலிக்கம்பமோ பப்பாளி மரமோ சாய்தல். நேற்றுவரை எளிதாக மூடிய கதவு இன்று சட்டத்தில் முட்டுதல். இதுவரை நீர் கசியாத இடத்திலிருந்து கலங்கல் நீர் வருதல். இதில் ஒன்றைப் பார்த்தாலும், மழை நிற்கும்வரை அந்தப் பக்கத்து அறையில் யாரும் தூங்கக் கூடாது. இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் வீட்டையே விட்டு, சரிவின் கீழ்நோக்கி அல்ல, பக்கவாட்டில் விலகிப் போங்கள். மழை விட்ட மறுநாளும் மண் சரியும், ஏனென்றால் நீர் உள்ளே இறங்க நேரம் எடுத்துக்கொள்ளும்.

ப்ரீகாஸ்ட் மதிலையும், அதாவது வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிய மதிலையும், கவனியுங்கள். மேல்மனை நீர் அதன்முன் குளமாகத் தேங்கும். பலகைகள் தாங்கும்வரை தாங்கும், பிறகு மொத்தமாக விழும். அந்தத் திடீர் அலைதான் ஆளைச் சாய்க்கிறது. தாழ்ந்த மூலையில் அடிப்பலகையில் கம்பிவலை போட்ட திறப்பு ஒன்று விடுங்கள், குப்பை சேராமல் பாருங்கள். அந்த மதிலோரம் குழந்தைகள் ஒதுங்கி நிற்பதை மட்டும் எந்த மழையிலும் அனுமதிக்காதீர்கள்.

கம்பியும் சாவியும்

திருடனுக்காகப் போட்ட இரும்பு, வெள்ளத்தில் நமக்கே பூட்டு. ஜன்னல் கம்பிகள், கதவுக்கு வெளியே இழுகம்பிக் கதவு, வாசலில் மோட்டார் கேட், மூன்றும் மின்சாரம் போன இருட்டில் இடுப்பளவு நீரில் எப்படித் திறக்கும்? ஒவ்வொரு வெளிக்கதவுக்கும் ஒரு சாவி, கதவுக்கு உள்பக்கம், கண்மட்டத்தில், வெளியிலிருந்து கை எட்டாத தூரத்தில் ஆணியில் தொங்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஜன்னல் கம்பியாவது உள்ளிருந்து திறக்கும் கீல்வகையாக இருக்கட்டும். கேட் மோட்டாரைக் கையால் விடுவிக்கும் சிறு சாவி பெட்டியோடு வந்திருக்கும். அதைத் தேடியெடுத்து ஒருமுறை திருப்பிப் பழகுங்கள். மோட்டார் பெட்டிக்குள் பல்லியும் எறும்பும் குடியேறி அந்த நெம்பு இறுகிக் கிடப்பது இங்கே அன்றாடக் காட்சி.

எச்சரிக்கை எண்

தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் எச்சரிக்கை நிறத்தோடும் எண்ணோடும் வரும்: மஞ்சள் 4 வரை, ஆரஞ்சு 5 முதல் 9 வரை, சிவப்பு 10. இந்த எண் மழையின் அளவு அல்ல. நடக்கும் வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் சேதம் எவ்வளவு என்ற இரண்டையும் கலந்து சொல்வது. எனவே மஞ்சள் என்று வந்தால் தூறல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; வாய்ப்பு குறைவு, ஆனால் நடந்தால் பலமாக அடிக்கும் என்றும் இருக்கலாம். எச்சரிக்கையில் வாய்ப்பு, சேதம் பற்றி எழுதியிருப்பதையும் படியுங்கள். 2022-இல் எண் படிப்படியாக ஏறி, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதுதான் 10-ஐத் தொட்டது. சரிவில் வீடு உள்ளவர்கள் ஆரஞ்சு வந்ததுமே புறப்படும் முடிவை எடுத்துவிடுவது நல்லது. 10-க்காகக் காத்திருந்தால் சாலை இருக்காது.

எந்த மேகத்துக்கு எந்த ஆபத்து என்பதிலும் வேறுபாடு உண்டு. லெனேசியா, லாடியம் போன்ற உள்மேட்டு ஊர்களில் கோடைப் பிற்பகலில் கருத்துத் திரண்டு ஒரு மணி நேரத்தில் அடித்து ஓய்வது மின்னலும் ஆலங்கட்டியும் கொண்ட மழை. டர்பன் கரையில் பெரும் வெள்ளம் கொண்டுவருவது வேறு. மேல்காற்றிலிருந்து துண்டுபட்ட தாழ்வழுத்தம் ஒன்று நகராமல் நின்று, சூடான கடலிலிருந்து ஈரத்தை இழுத்து, இரவும் பகலும் கொட்டும். 1987 செப்டம்பரிலும் 2022 ஏப்ரலிலும் வந்தது அந்த வகை. அதில் இடி குறைவாகக்கூட இருக்கும். "இடியே இல்லை, சும்மா மழைதான்" என்று தூங்கப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்னல்

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடிச் சத்தம் வரும்வரை மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் சத்தம் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக் கூடாது. மழை விட்டதும் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும் பிள்ளைகளை நிறுத்தவேண்டியது அந்த அரை மணியில்தான்.

உள்ளே என்றால் எது உள்ளே? செங்கல், கான்கிரீட் வீடு, அல்லது இரும்புக்கூரை போட்டு ஜன்னல் மூடிய கார். காரைக் காப்பது டயரின் ரப்பர் என்று நம்புகிறார்கள், அது தவறு. மின்னலை வெளித்தகடு சுற்றி இறக்கிவிடுவதால்தான் உள்ளிருப்பவர் தப்புகிறார். பக்கி என்ற சிறு சரக்கு வண்டியின் திறந்த பின்பக்கத்திலோ ஃபைபர்கிளாஸ் மூடிக்குள்ளோ அந்தக் காப்பு இல்லை. வேலையாட்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மழையில் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியவேண்டும். புல்வேய்ந்த லாபா (திறந்த கொட்டகை), பஸ் நிறுத்தக் கொட்டகை, கூடாரம், பீச் குடை எதுவும் கணக்கில் வராது. கடற்கரைப் பாலத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்குத் தனியே சொல்கிறோம்: கார்பன் தூண்டில் மின்சாரம் கடத்தும். நிமிர்த்திப் பிடித்தால் அந்தப் பாலத்திலேயே உயரமான கம்பி நீங்கள்தான். தூண்டிலைக் கீழே கிடத்திவிட்டுக் காருக்குப் போங்கள்.

மரத்தடி ஏன் கூடாது என்றால், மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்கும் ஈரமான உடம்புக்குத் தாவும். தரையிலும் பரவும், கால்கள் அகன்று நின்றால் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கும். நான்கு கால் தூரம் அதிகம் என்பதால்தான் மாடுகள் கூட்டமாகச் சாகின்றன. வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் ஓடி ஒதுங்குவதே முதல் வேலை. முடியவே முடியாதென்றால் தாழ்ந்த இடத்தில் பாதங்களைச் சேர்த்துக் குந்துங்கள், படுக்காதீர்கள், கூட்டமாக இருந்தால் பத்து மீட்டருக்கு மேல் பிரிந்திருங்கள்.

வீட்டுக்குள் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் நிறுத்தம். டிவி, ரவுட்டர், டிஷ் கேபிள், இன்வெர்ட்டரின் சுவர்ப்பிளக் ஆகியவற்றை மேகம் கருக்கும்போதே பிடுங்குங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு அவற்றைத் தொட வேண்டாம். டிவி போனால் போகட்டும்.

அடிபட்டவர் உடம்பில் மின்சாரம் தங்காது, தொடலாம். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்துங்கள். மின்னலில் நின்ற இதயம் மறுபடி துடிக்க வாய்ப்பு நல்லது, எனவே செத்துப்போனார் என்று கைவிடாதீர்கள். பலருக்கு அடிபட்டிருந்தால், கத்துகிறவரை விட்டுவிட்டு அசையாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள்.

ஆலங்கட்டி விழுந்தால் கண்ணாடிக் கூரைக்கும் ஜன்னலுக்கும் விலகி இருங்கள். நெடுஞ்சாலைப் பாலத்தடியில் காரை நிறுத்திப் பாதையை அடைக்காதீர்கள். சூறைச்சுழல் இங்கே வராது என்ற எண்ணத்தை 2024 ஜூன் 3 அன்று டோங்காட் மாற்றியது. அதற்கு வீட்டின் நடுவில் ஜன்னல் இல்லாத சிறிய அறை, தலைமேல் மெத்தை.

கோயில் கூட்டம்

தைப்பூசக் காவடி கோடை இடிமழைக் காலத்தின் நடுவில் வருகிறது. இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா ஈஸ்டரை ஒட்டி வருகிறது, ஏப்ரல் வெள்ளங்களின் காலம். விழாக்குழு மூன்று விஷயத்தை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஒன்று, இடி கேட்டால் மைக்கில் அறிவித்துக் கூட்டத்தை நிறுத்தும் பொறுப்பு யாருக்கு என்பது. ஒரே ஒருவர், பெயர் சொல்லி, எல்லோருக்கும் தெரிந்தவராக. இரண்டு, எங்கே ஒதுங்குவது: இரும்புக்கால் பந்தல் மழைக்குத்தான், மின்னலுக்கு அல்ல, மண்டபமும் கார்களும் தான் இடம். வேலும் இரும்புச் சட்டக் காவடியும் ஏந்தியவர்கள் இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். நேர்ச்சை முறிந்ததாகாது என்பதைப் பூசாரியே முதலில் சொல்லிவிட்டால் யாரும் தயங்கமாட்டார்கள்.

மூன்றாவது ஆற்றங்கரை. கலசம் நிரப்ப இறங்கும் இடத்தில் வானம் வெளுத்திருக்கலாம், மேலே இருபது கிலோமீட்டரில் கொட்டியிருக்கலாம். 2022 டிசம்பர் 3 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் ஜூக்ஸ்கெய் ஆற்றில் திருமுழுக்குச் சடங்குக்கு இறங்கியிருந்த சபையார் பலர் இப்படித்தான் அடித்துச் செல்லப்பட்டார்கள். தெளிந்த நீர் சட்டென்று பழுப்பாவது, இலையும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இவை தெரிந்தால் எண்ணிப் பார்க்காமல் கரையேறுங்கள். ஒருவரைப் பாலத்தில் மேல்நோக்கிப் பார்த்தபடி விசிலோடு நிறுத்துங்கள்.

சாலை

15 செ.மீ. வேகநீர் நிற்கும் ஆளைத் தள்ளிவிடும். 30 செ.மீ. சிறிய காரை மிதக்கவிடும். 60 செ.மீ. பக்கியையும் கொண்டுபோகும், பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் அதுதான் முதலில் தூக்கும். நீரின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. காலையில் கடந்த அதே ஆழம் மாலையில் கொல்லும் காரணம் இதுதான். தாழ்பாலத்தில் இன்னொரு சிக்கல், நீருக்கடியில் பாலமே இருக்கிறதா என்று தெரியாது. முன்னால் ஒரு டாக்சி கடந்துபோனது என்பது உங்களுக்குச் சான்று அல்ல. 2023 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் லேடிஸ்மித்தில் வாகனத்தோடு போனவர்களும் உண்டு.

தண்ணீருக்குள் கார் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. உங்கள் பெல்ட்டைக் கழற்றுங்கள்.
2. மின்சாரம் இருக்கும்போதே ஜன்னலை இறக்குங்கள். கதவைத் தள்ளிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம், வெளிநீரின் அழுத்தம் விடாது.
3. பிள்ளைகளை, பெரிய பிள்ளையிலிருந்து தொடங்கி, ஜன்னல் வழியே கூரைக்கு ஏற்றுங்கள்.
4. பிறகு நீங்கள். கைப்பையும் போன் சார்ஜரும் அங்கேயே கிடக்கட்டும்.

கண்ணாடி இறங்காவிட்டால் தலைசாய்வுத் திண்டைப் பிடுங்கி அதன் இரும்புக்காலால் பக்கக் கண்ணாடியின் மூலையில் குத்துங்கள், நடுவில் அல்ல. முன்கண்ணாடி ஒட்டுக்கண்ணாடி, உடையாது. சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியும் அப்படியே. மூலையில் அச்சிட்டிருப்பதை இன்றே படித்து வையுங்கள்.

நீரில் விழுந்தவர் மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் பக்கம் நீட்டி, கரையைச் சாய்வாக நோக்கிக் கைபோட வேண்டும். கம்பிவேலி, மரக்கிளைச் சிக்கல் எதிரே வந்தால் அதற்குமேல் ஏறப் பாருங்கள், அடியில் போகாதீர்கள். கரையில் நிற்பவர் இறங்கக் கூடாது. நீண்ட கழி, கயிறு, மூடிய காலி 20 லிட்டர் கேன், எதையாவது எறியுங்கள். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதிப்பவரை நீரோட்டம் அந்தக் கயிற்றாலேயே அமுக்கிவிடும். 1917 அக்டோபரில் டர்பனின் உம்கேனி ஆறு பெருகியபோது படவட்டான் குழுவைச் சேர்ந்த ஆறு பேர் 176 பேரை மீட்டது நம் பெருமைதான். ஆனால் அவர்கள் அலைகடலில் வலையிழுத்துப் பழகிய மீனவர்கள், கையில் படகு இருந்தது.

அவசர எண்கள்: கைபேசியிலிருந்து 112, ஆம்புலன்ஸ் 10177, போலீஸ் 10111, எத்தெக்வினி (டர்பன் மாநகராட்சி) அவசர சேவை 031 361 0000. காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.

தண்ணீர் வாசலுக்கு வந்தால்

மணல்மூட்டையைப் பாதிக்கு மேல் சற்றே நிரப்பினால் போதும். முழுதாக நிரப்பினால் உருண்டையாகி இடுக்கு விடும். வாயை மடித்து அடியில் கொடுத்து, செங்கல் அடுக்குவதுபோல் மாற்றி மாற்றி வைத்து, காலால் மிதித்து, முன்னால் தடித்த பிளாஸ்டிக் தாளைத் தரையோடு விரியுங்கள். ஒரு மீட்டர் கதவுக்கு 30 செ.மீ. உயரம் கட்ட சுமார் 10 மூட்டை பிடிக்கும். வாசலை அடைத்துவிட்டு ஷவர் ஓட்டையை மறந்துவிடுவது சகஜம். சாக்கடை அந்த வழியாகத்தான் உள்ளே பொங்கும். பிளாஸ்டிக் பைக்குள் ஒரு மணல்மூட்டையைப் போட்டு ஓட்டைமேல் அழுத்துங்கள். வெளிநீர் முழங்காலைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் தடுப்பதை விட்டுவிடுங்கள். உள்ளே வற்றி வெளியே நிறைந்த சுவர்தான் முதலில் இடியும்.

நீர் சாக்கெட்டை எட்டுமுன், காய்ந்த கையும் காய்ந்த தரையுமாக டிபி போர்டின் (வீட்டு மின்சுவிட்சுப் பலகை) மெயினை இறக்குங்கள். போர்டுக்குப் போகும் வழியிலேயே நீர் நின்றால் போகாதீர்கள். எர்த் லீக்கேஜ் (மின்கசிவில் தானே துண்டிக்கும் சுவிட்ச்) காப்பாற்றும் என்று அதை நம்பிச் சோதிக்க வேண்டாம். சோலார் பலகைகள் பகல் வெளிச்சத்தில் மெயின் இறக்கிய பிறகும் கம்பியில் மின்சாரம் தந்துகொண்டிருக்கும். இன்வெர்ட்டர் நனைந்தால் தொடாமல் ஆளைக் கூப்பிடுங்கள். கேஸ் சிலிண்டரின் வால்வை மூடிச் சுவரோடு கட்டுங்கள். பாதி காலியான 9 கிலோ சிலிண்டர் மிதக்கும், குழாயை அறுத்துக்கொண்டு போகும்.

வடிந்த பிறகு

தேங்கிய நீரில் சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்திருக்கும். காலில் கீறலோடு இறங்காதீர்கள், ரப்பர் பூட்ஸ் போடுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் டாக்டரிடம் வெள்ளநீரில் நின்றதைச் சொல்லுங்கள். வெள்ளம் தொட்ட அரிசி, பருப்பு மூட்டை, பிளாஸ்டிக் டப்பா மாவு போய்த்தான் ஆகவேண்டும். கரண்ட் போன ஃபிரிட்ஜ் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள். ஜெனரேட்டரைக் கராஜுக்குள் ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொல்லும்.

குடிநீர்தான் நீண்ட தொல்லை. 2022-இல் டோங்காட்டின் நீர்நிலையம் சிதைந்து, மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்தது. எச்சரிக்கை வந்த அன்றே ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டராவது பிடித்து வையுங்கள். கிடைத்த நீர் கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டி ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். விறகோ கேஸோ இல்லையென்றால் 25 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., சாதாரண ஜிக் (துணி வெளுக்கும் ப்ளீச் திரவம்) கலக்கி மூடி இரண்டு மணி நேரம் வையுங்கள். வாசனை சேர்த்த ஜிக்கும் கெட்டியாக வழியும் ஜிக்கும் கூடாது. குடிக்கும்போது லேசான குளோரின் வாடை இருந்தால் சரி.

கூரைமேல் கீசரில் 150 லிட்டர் நீர் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போர்டில் கீசர் சுவிட்சை அணைத்து, உள்வரும் வால்வை மூடி, ஆறவிட்டு, ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்து காற்று புக வழிசெய்து, அடியில் உள்ள வடிகுழாயில் வாளி பிடியுங்கள். முதல் வாளி துருவும் சுண்ணாம்புமாக வரும், அதைக் கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் நீர் திரும்பி, சுடுநீர்க் குழாயில் காற்றில்லாமல் ஒழுகும்வரை அந்தச் சுவிட்சைப் போடாதீர்கள். காய்ந்த கீசரில் எலிமென்ட் எரிந்துபோகும்.